புதுக் கைக்கு ஒரு கத்தி

சிவானந்தத்துக்கு வாதம் அடித்தது 1985-ஆம் ஆண்டு மார்ச் மாதம், விடிகாலைப் பெரட்டில். பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து நாலு மைல்கட்டை உள்ளே தள்ளியிருந்த அந்தச் செம்பனைத் தோட்டத்தில் அவர் மண்டோர், ஆட்களை மேற்பார்க்கிற கங்காணி. ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு வேலை பிரித்துக்கொண்டிருந்தவர், "பதினாலாம் நம்பர் காட்டுக்கு" என்று ஆரம்பித்து, அந்தப் பேச்சை முடிக்காமல் அப்படியே வலப்பக்கமாகச் சாய்ந்தார். கையிலிருந்த, ஆள் கணக்கு எழுதுகிற செக்ரோல் புத்தகம் சேற்றில் விழுந்தது. முதலில் அதைத்தான் யாரோ ஓடிப்போய் எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இருந்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பினார். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு குழறியது. வீட்டுக்காரி நவமணிக்கு மட்டும் பாதி புரிந்தது. அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. விடியுமுன் எழுந்து சோறு வடித்து, நெத்திலியும் மிளகாயும் போட்டு ஒரு சம்பல் கிளறி வைத்து, அவரைத் துடைத்து உட்கார வைத்துவிட்டு உதிரிப்பழம் பொறுக்கப் போவாள். செம்பனைக் குலை வெட்டி விழும்போது சிதறுகிற பழங்களைக் குனிந்து குனிந்து கூடையில் சேர்க்கிற வேலை. ஒரு மணிக்குத் திரும்பி வந்தால், பதினொரு வயது மகள் லெட்சுமி பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவுக்கு கோப்பி ஆற்றிக்கொண்டிருப்பாள்.

எல்லாவற்றையும் ஒருவிதமாகச் சமாளித்தாள். சமாளிக்க முடியாதது அவருடைய தாடிதான்.

சிவானந்தம் தினமும் சவரம் செய்கிற ஆள். மழையோ காய்ச்சலோ, வழித்த முகத்தோடுதான் பெரட்டுக்கு வருவார். தோட்டத்து பார்பர் ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்ட பிறகு தானே செய்துகொள்ளப் பழகியிருந்தார். கட்டையான, சுருண்ட முடி. இப்போது அது இஷ்டத்துக்கு வளர்ந்து, வாயோரம் வழிகிற எச்சில் அதில் காய்ந்து நாறியது. கண்ணாடியைக் கேட்பார். கொடுத்தால் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பார். ஒரு நாள் குழறலாகச் சொன்னார், "சாவப்போறவன் மூஞ்சி மாரி இருக்கு."

நவமணி பிளேடு மாட்டுகிற ரேசரை வாங்கி வந்து வழித்துவிட்டாள். மூன்றாம் நாள் கழுத்தெல்லாம் கட்டி. முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து, ஒவ்வொன்றும் சீழ் கோத்து நின்றது. தலையணையில் கழுத்தை வைக்க முடியாமல் அவர் முனகினார்.

தோட்டத்து கிளினிக்கில் டிரஸ்ஸராக இருந்த தேவதாஸ் வந்து மருந்து போட்டார்.

"இந்த முடிக்கு இந்த ரேசர் ஆவாதும்மா," என்றார். "ஒட்ட வழிக்குது. தோலுக்குக் கீழ போயி வெட்டிட்டு வந்துருது. கட்டி ஆறுனதுக்கப்புறம் பார்பர் கத்தியில வழிக்கச் சொல்லு. முடி சாயிற பக்கமே ஒரு இழுப்பு. ரொம்ப ஒட்ட வேணாம்."

"பார்பருக்கு எங்கங்கய்யா போறது?"

"கோலசிலாங்கூர்ல பஸ் ஸ்டேஷன் பக்கத்துல ஒருத்தர் இருக்காருலா. நல்ல ஆளு. கூப்பிட்டா வந்து செஞ்சிட்டுப் போவாரு. புதுசா கடை போடுறவங்க எல்லாம் அவர்கிட்டதான் கத்தி வாங்குவாங்க. தனபாலன்னு பேரு."

நவமணி மருந்துப் பஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆளு வர வேணாங்கய்யா," என்றாள். "நானே பழகிக்கிறேன்."

தனபாலன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவனைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. எங்கே இருக்கிறான் என்பதுகூட அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நவமணியின் அப்பா கலும்பாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முடிவெட்டுகிறவராக இருந்தார். லயத்துக்கு லயம் போய், மரத்தடியில் பலகை போட்டு, ஆட்களுக்கு வெட்டிவிடுவார். கல்யாணம், சாவு இரண்டுக்கும் அவர் வேண்டும். ஆனால் எந்த வீட்டிலும் பின்வாசலில்தான் சாப்பாடு. நவமணி பதினாலு வயதில் ரப்பர் பால் எடுக்க, பால்மரம் வெட்டப் போனாள். தம்பி தனபாலன் வாளி தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே நிரை நிரையாக நடப்பான். அந்தத் தோட்டத்துக்கு லோரியில் வந்து போய்க்கொண்டிருந்த சிவானந்தம் கோயில் திருவிழாவில் அவளைப் பார்த்தார். அப்பா இறந்த அடுத்த வருஷம் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து தாலி கட்டினார். தம் அம்மா நல்லம்மாளிடம், தாய் தகப்பன் இல்லாத பெண், கூடப்பிறந்தவர்களும் இல்லை என்று சொன்னார். மண்டோர் வீட்டில் வேறெதுவும் சொல்ல முடியாது என்று நவமணிக்கும் தெரியும். தலையாட்டினாள்.

இருந்தாலும் லெட்சுமி பிறந்த பிறகு அவளால் இருக்க முடியவில்லை. தம்பிக்கு ஒளித்து ஒரு கடிதம் எழுதினாள். பிள்ளை பிறந்திருக்கிறது, சித்திரையில் முடியிறக்கிக் காது குத்துகிறோம் என்று தேதியும் எழுதினாள். வா என்று எழுதவில்லை. வராதே என்றும் எழுதவில்லை. அதுதான் அவள் செய்த பிசகு.

அன்றைக்கு தனபாலன் வந்தான். இருபத்திரண்டு வயது. வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு, தோளில் ஒரு பை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்கு முடியிறக்க வேண்டும். அவன் தொழில்காரன் வேறு, முதல் முடியைத் தன் கையாலேயே எடுக்கலாம் என்று கத்தியையும் போட்டு எடுத்து வந்திருந்தான். வாசலில் பந்தல். உறவுக்காரர்கள், பக்கத்து லயத்து ஆட்கள் எல்லாம் இருந்தார்கள். பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து வரச் சொல்லியிருந்த பார்பர் இன்னும் வரவில்லை என்று நல்லம்மாள் சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரம்.

"யாருப்பா நீ?" என்று நல்லம்மாள் கேட்டாள்.

தனபாலன் சிரித்துக்கொண்டு அக்காளைப் பார்த்தான். சிவானந்தம் கதவோரம் நின்றிருந்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தது நவமணிதான்.

"முடியெறக்க ஆளு சொல்லியிருந்தோம்ல அத்தே," என்றாள். "அவருதான்."

நல்லம்மாள் வீட்டுக்குப் பக்கவாட்டில் சாக்கைப் போட்டு அவனை உட்காரச் சொன்னாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டு அப்பளசாமி மாமன் முறைக்கு மடியில் வைத்துக்கொண்டார். தனபாலன் பைக்குள் கைவிட்டுத் துழாவினான். பட்டுத்துணியில் சுற்றிய தட்டு ஒன்றின் ஓரம் வெளியே தெரிந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டு, அடியிலிருந்த கத்தியை எடுத்தான். ஒரு கீறல் படாமல் முடியை இறக்கினான். பிள்ளை அழக்கூட இல்லை. நல்லம்மாள் வெற்றிலையில் வைத்துக் கொடுத்த கூலியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மெயின் ரோட்டுக்கு நடந்து போனான்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது சிவானந்தம் அவள் இலையில் கூடுதலாக ஒரு துண்டு இறைச்சி வைத்தார். அதைப் பற்றி இருவரும் அதற்குப் பிறகு, நல்லம்மாள் இறந்த பின்னும்கூட, பேசியதில்லை.

டிரஸ்ஸர் வந்து போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பளசாமியின் மனைவி இராஜம்மாவை வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நவமணி பஸ் ஏறினாள். புக்கிட் ரோத்தான் தாண்டி கோலசிலாங்கூரில் இறங்கும்போது மணி பத்து. ஆற்றுப்பக்கமிருந்து காற்று கருவாட்டு வாடையைக் கொண்டுவந்தது. கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. பலகைக் கடைவரிசையில் மூன்றாவது. இரண்டு நாற்காலி, நீளக் கண்ணாடி, முருகன் காலண்டர்.

அவன் யாரோ ஒருவருடைய பிடரியை ஒதுக்கிக்கொண்டிருந்தான். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. முன்மண்டையில் முடி ஏறியிருந்தது. கண்ணாடியில்தான் அவளைப் பார்த்தான். கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் ஓடியது.

"வாங்க. உக்காருங்க. இந்த ஆள முடிச்சிட்டு வர்றேன்."

வாங்க என்கிறான். பிறந்ததிலிருந்து அவளை நீ என்றுதான் கூப்பிட்டவன். பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆள் காசு கொடுத்துவிட்டுப் போனதும் அவன் துண்டை உதறினான்.

"என்ன வேணும்?"

"சவரக்கத்தி ஒண்ணு."

"யாருக்கு?"

"புதுசா பழகுறவங்களுக்கு."

"கடை வைக்கவா, வீட்டுக்கா?"

"வீட்டுக்குத்தான். அவருக்கு வாதம் அடிச்சிருச்சு. ரேசர் போட்டா கழுத்தெல்லாம் கட்டி வந்துருது."

அவன் தலையசைத்தான். ஐயோ என்றோ, எப்போது என்றோ கேட்கவில்லை. "யாரு பழகப்போறது?" என்று மட்டும் கேட்டான்.

"நாந்தான்."

அலமாரிக்குக் கீழிருந்து ஒரு பிஸ்கோத்து டின்னை எடுத்தான். மேசையில் துண்டை விரித்து நாலு கத்திகளை வரிசையாக வைத்தான். "எது புடிச்சிருக்கு, பாருங்க."

வெள்ளைப் பிடி போட்டது ஒன்று கண்ணாடிபோல் மின்னியது. நவமணி அதைத் தொட்டாள்.

"எல்லாரும் மொதல்ல அதத்தான் எடுப்பாங்க," என்றான். "பளபளப்பு இருக்கே ஒழிய கூரு இல்ல. பொட்டியிலிருந்து வந்த அப்பிடியே இருக்கு. அத கல்லுல வச்சு ஏத்தி எடுக்கறதுக்கே தனியா பழகணும். அப்புறம் இந்த மொனையப் பாருங்க. சதுரமா இருக்குல்ல? பழகாத கைக்கு இதான் வில்லங்கம். கண்ணு கன்னத்துல இருக்கும், மொன போயி காதக் கிழிச்சிரும்."

அடுத்ததை எடுத்து விரித்தான். அகலமானது, கனமானது. "கட்ட முடிக்கு இது நல்லா வெட்டும். ஆனா தாடைக்குக் கீழயும் மூக்குக்குக் கீழயும் திருப்ப எடம் பத்தாது." மூன்றாவதை நகத்தால் சுண்டினான். மெல்லிய சத்தம் வந்தது. "இது ரொம்ப மெலிசு. எனக்குப் புடிச்ச கத்தி. ஆனா சாய்மானம் ஒரு இம்மி தப்புனா வளஞ்சு தோலுக்குள்ள ஏறிரும். புதுக் கைக்கு ஆவாது."

நாலாவதற்குக் கறுப்புப் பிடி. பார்வைக்கு ஒன்றுமில்லை. அவன் அதை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"மொன உருண்டையா இருக்கு, பாருங்க. ரொம்ப அகலமும் இல்ல, ரொம்பக் குறுகலும் இல்ல. நடுத்தரமான கனம், கை நடுங்குனாலும் கத்தி நடுங்காது. கூரு நானே ஏத்தி வச்சிருக்கேன். ஜெரத்துல கடை போடுற ஒருத்தரு கேட்டிருந்தாரு. அவரு பொறுத்துக்குவாரு." பிறகு சொன்னான், "துரு புடிக்கிற இரும்புதான். வழிச்சதும் தொடச்சுக் காயவச்சு ஒரு சொட்டு எண்ண தடவிருங்க. துரு புடிக்காத கத்தியும் வருது. ஆனா கூரு போச்சுன்னா திரும்ப ஏத்தறது லேசுல முடியாது."

தோல் வாரைச் சுவரில் மாட்டி, எப்படித் தீட்டுவது என்று காட்டினான். கத்தியின் முதுகை முதலில் திருப்பணும், வெட்டுகிற வாயை அல்ல. அவள் செய்தாள். மூன்றாம் தடவையில் வாரில் ஒரு வெட்டு விழுந்தது. இன்னொரு தடவை செய்யச் சொன்னான்.

அப்புறம் அவன் செய்ததை நவமணி எதிர்பார்க்கவில்லை. கிண்ணத்தில் சோப்பைக் குழைத்துத் தன் கன்னத்திலும் கழுத்திலும் பூசிக்கொண்டு, நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பின்னால் சாய்ந்தான்.

"வழிங்க."

"ஒன் மூஞ்சியிலயா?"

"வாதம் வந்தவரு மூஞ்சியிலயா பழகுவீங்க? அவருக்கு வலிச்சா சொல்லவும் வராது."

அவள் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு நாள் வளர்ந்த முடி. இடது புருவத்துக்கு மேலே சின்ன வயதில் வாளி பட்ட தழும்பு அப்படியே இருந்தது.

"இடது கையால தோல மேல இழுத்துப் புடிங்க. கத்திய நிமித்தாதீங்க. முதுகு தோலத் தொட்டும் தொடாம இருக்கணும். அம்பது காசு ரெண்ட அடுக்குனா எவ்வளவு ஒயரம், அவ்வளவு தூக்குனாப் போதும்." கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். "பால்மரம் வெட்டியிருக்கீங்கல்ல?"

அவள் வெட்டிய நிரையெல்லாம் கூடவே நடந்தவன் கேட்கிறான். "வெட்டியிருக்கேன்," என்றாள்.

"அதே கணக்குத்தான். பட்டைய மட்டும் சீவணும், மரத்துல காயம் படக்கூடாது. ஆனா அங்க கை பலம் குடுக்கணும். இங்க குடுக்கக் கூடாது. கத்தியோட கனமே போதும்."

முதல் இழுப்பு காதோரத்திலிருந்து கன்னத்துக்கு. நுரையோடு முடி வழிந்து வந்தது. சுத்தமான தோல் தெரிந்தது. கன்னம் இரண்டையும் முடித்தாள். கழுத்துக்கு வந்தபோது அவன் இன்னும் பின்னால் சாய்ந்து தொண்டையைத் தூக்கிக் காட்டினான். குரல்வளை ஒருமுறை ஏறி இறங்கியது. நவமணிக்குக் கண் மறைத்தது.

"பாலா," என்றாள். "அன்னைக்கு நான்..."

"பேசாதீங்க," என்றான் அவன் கண்ணைத் திறக்காமலேயே. "கை ஆடும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு மிச்சத்தை வழித்தாள். தாடைக்குக் கீழே ஒரே ஒரு இடத்தில் கீறிவிட்டது. ரத்தம் நூலாக இறங்கியது. அவன் படிகாரக் கட்டியை எடுத்து நனைத்து அவளிடமே கொடுத்தான். "இப்பிடி வச்சு அமுக்குங்க. நிக்கும்." அவள் அமுக்கிக்கொண்டு நின்றாள். அந்த அரை நிமிஷம் அவன் கன்னம் அவள் கையில் இருந்தது.

அப்போது சுங்கை செம்பிலாங்கிலிருந்து வருகிற மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் உள்ளே வந்தார். மீன்பிடிக்கிறவர், வாடிக்கைக்காரர் போலிருந்தது. பார்பர் நாற்காலியில் பார்பரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"சியாப்பா இனி, பாலா?" யார் இவங்க என்று கேட்டார்.

தனபாலன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "கக்காக்," என்றான்.

மலாயில் அது கூடப்பிறந்த அக்காவுக்கும் சொல்லுகிற சொல். வயதில் கொஞ்சம் மூத்த எந்தப் பெண்ணைக் கடைத்தெருவில் பார்த்தாலும் சொல்லுகிற சொல்லும் அதுதான். எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று நவமணி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் துண்டை மடித்துக்கொண்டிருந்தான்.

அவள் கைப்பையைத் திறந்தாள். அவன் கையைக் காட்டித் தடுத்தான்.

"வேணாம். பழகுறவங்களுக்கு மொதக் கத்திய நான் காசுக்குக் குடுக்கறதில்ல. யாரா இருந்தாலும் அப்பிடித்தான். ரெண்டாவது கத்திக்கு வாங்கிக்குவேன்."

கத்தியையும் பழைய வார் ஒன்றையும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான். "மூணு மாசத்துக்கு ஒருக்கா கொண்டாங்க. கல்லுல ஏத்தித் தர்றேன்."

யாராக இருந்தாலும் என்றானே. பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஒரு தடவை நினைத்தால் வெறும் வாடிக்கைக்காரியாக ஆக்கிவிட்டான் போலிருந்தது. இன்னொரு தடவை நினைத்தால், ஜெரத்துக்காரரைக் காக்க வைத்துவிட்டுக் கொடுத்தானே என்று இருந்தது. பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தாள்.

கட்டிகள் ஆறியதும் ஆரம்பித்தாள். ஒன்றுவிட்டு ஒரு நாள், காட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, வாசலில் வெளிச்சத்தில் சிவானந்தத்தை நாற்காலியில் உட்கார வைப்பாள். சூடான துண்டைப் போட்டு ஊறவிட்டு, முடி சாய்கிற பக்கமே ஒரு இழுப்பு. முதல் மாதம் மூன்று நாலு கீறல். பிறகு அதுவும் இல்லை. கட்டி திரும்ப வரவில்லை. லயத்து ஆட்கள் வேலை விட்டுப் போகும்போது நின்று பார்ப்பார்கள். "மண்டோரு மாப்பிள்ள மாரி இருக்காரு," என்பாள் இராஜம்மா. அவர் கோணிய வாயால் சிரிப்பார்.

கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார், "யாருகிட்ட பழகுன?"

"டவுன்ல ஒரு பார்பரு."

அவர் மேலே கேட்கவில்லை. ஆனால் ஜூலை மாத மழை நாள் ஒன்றில், உள்ளே ஜன்னலோரம் வைத்து வழித்துக்கொண்டிருந்தபோது, கழுத்தில் கத்தி இருக்கும்போதே பேசினார். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"தம்பிகிட்டதானே போன?"

"ஆமா."

வாதத்துக்குப் பிறகு அவருக்கு அழுகை எளிதில் வந்துவிடும். நுரையோடு சேர்ந்து ஒழுகியது. ஒவ்வொரு சொல்லாக, நேரம் எடுத்துச் சொன்னார்.

"நான் ஒன்ன அப்பிடிச் சொல்லச் சொல்லல."

"ஆமாங்க. நீங்க சொல்லல. நாந்தான் சொன்னேன்."

"ஆனா... நீ சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நவமணி கத்தியைத் துடைத்தாள். அவர் தன்னைத் தடுத்திருக்கலாமே என்று அவளும், அவள் தனக்காகத்தானே சொன்னாள் என்று அவரும் இத்தனை வருஷமாகத் தனித்தனியாக வைத்திருந்தது, இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றது. "திரும்புங்க, இந்தப் பக்கம் பாக்கி இருக்கு," என்றாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோலசிலாங்கூர் போனாள். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் சொல்லவேண்டியதைச் சேர்த்து வைத்துக்கொண்டு போவாள். அங்கே யாராவது ஒருவர் நாற்காலியில் இருப்பார். "வாங்க," என்பான். கத்தியை வாங்கி, கல்லில் தண்ணீர் தெளித்து, முன்னும் பின்னுமாக அவன் தள்ளுகிறதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். "நல்லா வச்சிருக்கீங்க, துரு இல்ல," என்பான். ஒரு முறை முறுக்கு சுட்டு எடுத்துப் போனாள். வாங்கி அலமாரியில் வைத்தான். சுவரில் ஒரு பெண்ணும் இரண்டு பையன்களும் இருக்கிற படம் மாட்டியிருந்தது. யாரென்று அவள் கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இருக்கிறதா என்று யோசித்து யோசித்தே நேரம் போய், பஸ் வந்துவிடும். இப்படி இரண்டு வருஷம் போனது.

1987-இல் லெட்சுமி பெரிய மனுஷியானாள்.

"மாமனக் கூப்புடு," என்றார் சிவானந்தம். பேச்சு அதற்குள் கொஞ்சம் தெளிந்திருந்தது. "நல்லாத் தெரிஞ்சுதான் சொல்றேன். எல்லார் முன்னாடியும் வந்து உக்காரட்டும். நான் சொல்லிக்கிறேன்."

நவமணி வெற்றிலை, பாக்கு, பழத்தோடு போனாள். இந்த முறை வேலை நாளாகப் பார்த்துப் போனாள், கூட்டம் இருக்காது என்று. கடையில் அவன் மட்டும் இருந்தான். தட்டைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"லெட்சுமி உக்காந்துட்டா," என்றாள். "வர்ற ஞாயித்துக்கெழம தண்ணி ஊத்துறோம். நீதான் வரணும். அவரே கூப்பிடச் சொன்னாரு. அன்னைக்கு நான் சொன்னதுக்கு..." தட்டிலிருந்த வெற்றிலையை நேராக்கினாள். "தப்புன்னு சொல்றதுக்கு எனக்கு வாயே வரல பாலா. ரெண்டு வருஷமா வந்து வந்து போறேன்."

தனபாலன் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா," என்றான்.

பதிமூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் வரப்போகிறான் என்றே நினைத்தாள்.

"நான் வரல அக்கா."

"கோவமா இருக்கியா?"

"கோவம் இருந்தா வருவேன். வந்து சண்ட போட்டுட்டு, சாப்பிட்டுட்டுத் திரும்புவேன். மொத அஞ்சாறு வருஷம் நெறைய கோவம் இருந்துச்சு. நீ வருவ, இத இதச் சொல்லணும்னு மனசுக்குள்ள எழுதி வச்சிருந்தேன். நீ வரல. அப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமா போயிருச்சு. அது போறப்ப அதோட வேற என்னமோவும் சேந்து போயிருச்சுபோல. நீ அன்னைக்குக் கத்தி கேட்டு வந்து நிக்கிறப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. பாவமா இருந்துச்சு. அவ்வளவுதான் இருந்துச்சு."

நவமணி தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றான் அவன், சுவர்ப் படத்தைப் பார்த்தபடி. "எனக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப, கூடப்பொறந்தவங்க யாருன்னு கேட்டாங்க. யாரும் இல்லன்னு சொல்லிட்டேன். அவளுக்கும் புள்ளைங்களுக்கும் அப்பிடித்தான் தெரியும். இப்பப் போயி, எனக்கு ஒரு அக்கா இருக்கா, பஸ் ஏறுனா வந்துர்ற தூரத்துல ஒரு தோட்டத்துலதான் இருக்கான்னு எப்பிடிச் சொல்றது? ஏன் மறச்சேன்னு கேட்டா, நீ சொன்னதச் சொல்லணும். அது எனக்கு முடியாது. ஒன்னையும் அவங்க முன்னாடி விட்டுக் குடுக்க முடியாது."

"கத்தி?" என்று கேட்டாள் அவள், வேறெதுவும் கேட்கத் தோன்றாமல்.

"கொண்டா. எப்பவும்போல கொண்டா. கடைக்கு வா. கடையில நான் இருப்பேன்."

தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டான். மிச்சத்தை அவள் திரும்ப எடுத்துப் போக வேண்டியிருந்தது. பழங்களை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சிவானந்தத்திடம், "வரலைங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு முன்னால் தகரப் பந்தல் போட்டு, செம்பனை ஓலையில் குடிசை கட்டினார்கள். மாமன் முறைக்கு அப்பளசாமியே நின்றார். அவர் வாங்கி வந்த ஊதா நிறப் புடவையில் லெட்சுமி குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் ஒவ்வொருவராக நலுங்கு வைத்தார்கள். சிவானந்தம் வழித்த முகத்தோடு நாற்காலியில் இருந்தார். பின்பக்கம் அடுப்பில் இராஜம்மா பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். நவமணி சேமியாவை உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி ஐந்தாறு பெண்கள் காய் அரிந்துகொண்டிருந்தார்கள்.

"எங்க வூட்டுக்காரருக்குப் பெருமையப் பாரு," என்றாள் இராஜம்மா. "அன்னைக்கு முடியெறக்கறப்பவும் அவரு மடிதான். இன்னைக்கும் அவருதான். ஒனக்கு ஒரு அண்ணன் தம்பி இருந்திருந்தா இவருக்கு இந்த யோகம் உண்டா?"

பெண்கள் சிரித்தார்கள். நவமணி சேமியா பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தம்பி இருக்கான்," என்றாள். "கூடப்பொறந்த தம்பி. கோலசிலாங்கூர்ல பார்பர் கடை வச்சிருக்கான். எங்கப்பாவும் முடி வெட்டுறவருதான். கலும்பாங்கு பக்கத்துல. அன்னைக்கு லெட்சுமிக்கு முடியெறக்குனானே, அவன்தான் என் தம்பி. நாந்தான் கூலிக்கு வந்த ஆளுன்னு சொல்லி வெளிய ஒக்கார வச்சேன்."

சொல்லிவிட்டு நின்றாள். யாராவது எழுந்து போவார்கள், கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாயில் கைவைப்பார்கள், பந்தல்வரை பேச்சுப் போகும் என்று எதிர்பார்த்தாள். இந்தக் கணத்துக்குப் பயந்துதான் அத்தனையும் செய்தாள்.

காய் அரிகிறவள் காயை அரிந்துகொண்டிருந்தாள்.

"பார்பரா?" என்றாள் இராஜம்மா, கரண்டியை நிறுத்தாமல். "எங்க மருமவனே ரவாங்குல சலூன்லதான் வேல பாக்குறான். ஏசி எல்லாம் இருக்குலா அங்க. நீ என்ன, தம்பின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்க வூட்டுக்காரரே போயிக் கூட்டியாந்திருப்பாருல்ல. கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டேன்," என்றாள் நவமணி.

"வேலையா இருந்திருக்கும்," என்றாள் இன்னொருத்தி. "ஞாயித்துக்கெழமதான அவங்களுக்குக் கூட்டம்."

பால் பொங்கி வந்தது. இராஜம்மா விறகை வெளியே இழுத்தாள். டம்ளர் போதாது, பக்கத்து வீட்டில் இரண்டு டஜன் வாங்கி வரட்டுமா என்று யாரோ கேட்டார்கள். நவமணி சரி என்று சொல்லி, சேமியாவை மறுபடியும் கையில் எடுத்தாள்.